கொக்கி பிய்ந்த பிறகு கட்டிய இரும்பு பம்பர்

வறண்ட ஓடை ஒன்றில் என் வண்டி வயிறு தட்டி நின்றது. முன்னே கரையேறிவிட்ட வண்டியிலிருந்து இழுவைப் பட்டையை இறக்கி, என் பம்பருக்கு அடியில் வண்டியோடு வந்திருந்த இரும்பு வளையத்தில் மாட்டினோம். இரண்டு இழுப்பு தாங்கியது. மூன்றாவதில் வளையம் வாயைப் பிளந்தது. பட்டை விடுபட்டுப் போய் முன் வண்டியின் பின்கதவில் சாட்டை மாதிரி அறைந்தது. அந்த நேர்க்கோட்டில் யாரும் நிற்கவில்லை என்பதால் கதவில் ஒரு நெளிவோடு போயிற்று. பம்பரின் பிளாஸ்டிக் உதடு அதற்கு முன்பே கரையில் இடித்துக் கிழிந்து தொங்கிக்கொண்டிருந்தது.

மறுநாள் வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. அது இழுப்பதற்கான வளையமே இல்லை. வண்டியை லாரியிலோ கப்பலிலோ ஏற்றும்போது ஆடாமல் கட்டிவைப்பதற்கான வளையம். மெல்லிய கம்பியை வளைத்து ஒரு பக்கம் மட்டும் பற்ற வைத்திருந்தார்கள். பலரும் இதைத்தான் இழுவைக் கொக்கி என்று நம்பிக்கொண்டிருக்கிறார்கள். தயவுசெய்து இன்றே உங்கள் வண்டிக்கு அடியில் ஒருமுறை எட்டிப் பாருங்கள்.

இரும்பு பம்பர் செய்வதாக அன்றே முடிவு செய்தேன். ஆனால் வழக்கமாக எல்லோரும் தொடங்குகிற இடத்தில் தொடங்கவில்லை. முகப்பு எப்படி இருக்க வேண்டும், விளக்கு எங்கே வரும் என்றுதான் முதல் படம் வரையத் தோன்றும். நான் சேஸிஸின், அதாவது வண்டியைத் தாங்கும் இரும்பு அடிச்சட்டகத்தின், முனையிலிருந்து ஆரம்பித்து முன்னோக்கி வந்தேன். ஷேக்கிளில் (பட்டையை மாட்ட, முள் செருகிப் பூட்டும் இரும்பு வளையம்) விழும் இழுவை எந்த வழியாகச் சேஸிஸுக்குள் போய்ச் சேர்கிறது என்பதை முதலில் தீர்மானித்தேன். அந்த வழி முடிவான பிறகு, மிச்சம் இருக்கிற இடத்தில்தான் முகத்தை ஒட்டினேன்.

என் வண்டி ஏணிச் சட்டகம் கொண்ட பழைய நான்கு சக்கர இயக்க வண்டி. ஏர்பேக் கிடையாது. இதை முன்னாலேயே சொல்லிவிடுகிறேன். ஏர்பேக் உள்ள வண்டிகளில் சேஸிஸ் முனையில் மோதலின்போது நசுங்குவதற்கென்றே ஒரு பகுதி இருக்கும். அது நசுங்கும்போது வண்டியின் வேகம் எவ்வளவு சடாரென்று குறைகிறது என்பதை வைத்துத்தான் உணரி பலூனைத் திறக்கிறது. அந்த இடத்தில் நசுங்காத இரும்பை இறுக்கிப் பூட்டினால் அந்தக் கணக்கே மாறிவிடும். அப்படிப்பட்ட வண்டிக்கு இந்த வேலையை அப்படியே எடுத்துச் செய்ய வேண்டாம். உங்கள் ஊர் வாகனச் சட்டம் முன்பம்பர் மாற்றத்தை அனுமதிக்கிறதா என்பதையும் இரும்பு வாங்கும் முன்பே பார்த்துக்கொள்ளுங்கள்.

பழைய பம்பரையும் அதன் பின்னால் இருந்த மெல்லிய தகட்டு உத்தரத்தையும் கழற்றி எடை போட்டேன்: 11 கிலோ. புதியது 40 கிலோவைத் தாண்டக்கூடாது என்று வரம்பு வைத்தேன். இரும்பின் அடர்த்தி கன மீட்டருக்கு 7,850 கிலோ. அதன்படி ஒரு சதுர மீட்டர் தகடு 3 மி.மீ. கனத்தில் 23.5 கிலோ, 4 மி.மீ.யில் 31.4 கிலோ, 5 மி.மீ.யில் 39 கிலோவுக்குக் கொஞ்சம் மேல். இந்த மூன்று எண்களும் மனப்பாடமாக இருந்தால் போதும், வெட்டுவதற்கு முன்பே பம்பரின் எடையைச் சொல்லிவிடலாம். முழுக்க 5 மி.மீ. தகட்டில் செய்தால் பலமாக இருக்கும் என்பார்கள். கணக்குப் போட்டால் 50 கிலோவைத் தாண்டுகிறது. அந்தப் பலம் முகப்புக்குத் தேவையும் இல்லை. முகப்புக்கும் அடித்தகட்டுக்கும் 4 மி.மீ., மேல்தகட்டுக்கு 3 மி.மீ., பக்கத் தாங்கிகளுக்கு 8, சேஸிஸ் முனையில் உட்காரும் தகடுகளுக்கு 10, ஷேக்கிளை மாட்டும் இழுவைத் தகடுகளுக்கு 20 என்று பிரித்தேன். தாளில் 38 கிலோ வந்தது.

எடையைப் பற்றி இன்னொன்று. பம்பர் முன் அச்சுக்கு முன்னால் தொங்குகிறது. அதனால் அதன் எடை முன் ஸ்பிரிங்கில் அப்படியே விழுவதில்லை, கூடுதலாக விழுகிறது. என் வண்டியில் இரு அச்சுக்கும் இடையே 2.4 மீட்டர். பம்பரின் எடை மையம் முன் அச்சுக்கு 0.7 மீட்டர் முன்னால். 30 கிலோ கூடினால் முன் அச்சு 30 × 3.1 ÷ 2.4, அதாவது ஏறக்குறைய 39 கிலோ சுமக்கிறது. பின் அச்சு 9 கிலோ இலகுவாகிறது. பம்பரில் வின்ச் (கம்பியைச் சுற்றி வண்டியை இழுக்கும் மோட்டார்) வைக்காததற்கு இதுவே முக்கியக் காரணம். அதன் 35, 40 கிலோவும் இதே விகிதத்தில் பெருகும். வைக்கிறவர்கள் ஸ்பிரிங்கையும் சேர்த்தே திட்டமிட வேண்டும்.

அட்டை வேலைக்கு இரண்டு நாள் ஆயிற்று. பெரிய அட்டைப் பெட்டிகளைப் பிரித்து, கத்தரித்து, டேப் ஒட்டி முழு பம்பரையும் வண்டியிலேயே கட்டினேன். இந்த இரண்டு நாளை யாரும் மிச்சப்படுத்தப் பார்க்காதீர்கள். அட்டையில் தப்பு செய்தால் கத்தரிக்கோல் போதும். டயர் முன்பக்கத்தைத் தொட்டபடி ஒரு நேரான பலகையைச் சாய்த்து, பம்பரின் கீழ்விளிம்பில் அது எங்கே தட்டுகிறது என்று பார்த்தேன். பலகைக்கும் தரைக்கும் இடையிலான கோணம்தான் அணுகு கோணம், பம்பர் முட்டாமல் ஏறக்கூடிய சரிவு. பழைய பம்பரில் அது 34 பாகை. அட்டையில் இரு முனைகளையும் பின்னுக்கு ஒடுக்கி, அடித்தகட்டை மேல்நோக்கிச் சாய்த்ததும் 43 பாகை கிடைத்தது. ரேடியேட்டருக்கு நேரே காற்றுக்காக 600 மி.மீ. நீளத்துக்கு ஒரு திறப்பு விட்டேன். வண்டியின் உடலுக்கும் பம்பருக்கும் இடையே 20 மி.மீ. இடைவெளி. உடல் ரப்பர் தாங்கிகளின் மேல் உட்கார்ந்திருக்கிறது, பம்பரோ சேஸிஸோடு பிணைந்தது. கரடான பாதையில் இரண்டும் தனித்தனியாக ஆடும். ஒட்டி வைத்தால் அழகாக இருக்கும், முதல் பள்ளத்தில் மட்கார்டு மடங்கிவிடும்.

தாங்கிகள்

இந்த வேலையில் நான் அதிக நேரம் செலவழித்தது வெளியே தெரியாத இந்தப் பகுதியில்தான்.

ஒவ்வொரு பக்கமும் அமைப்பு இப்படி. சேஸிஸ் முனையில் பழைய பம்பரைப் பூட்டியிருந்த இரண்டு போல்ட் துளைகள் இருந்தன. அவற்றில் 10 மி.மீ. முனைத்தகடு உட்காருகிறது. சேஸிஸின் வெளிப்பக்கச் சுவரை ஒட்டி 250 மி.மீ. நீளமான 8 மி.மீ. பக்கத்தகடு பின்னோக்கி ஓடுகிறது. அது மூன்று எம்12 (12 மி.மீ.) போல்ட்டுகளால் குறுக்காகப் பூட்டப்படுகிறது. 20 மி.மீ. இழுவைத் தகடு இந்தப் பக்கத்தகட்டோடு 120 மி.மீ. நீளத்துக்குப் படுத்து, சுற்றிலும் பற்றவைக்கப்பட்டு, முகப்பில் வெட்டிய காடி வழியாக 60 மி.மீ. வெளியே நீட்டுகிறது. முகப்புத் தகட்டில் அதைப் பற்றவைத்தது ஆடாமல் இருக்கத்தான். இழுவை முகப்பின் வழியாகப் போவதே இல்லை. ஷேக்கிள், இழுவைத் தகடு, பக்கத்தகடு, குறுக்கு போல்ட், சேஸிஸ் என்று நேராகப் போகிறது. முகப்பை நாளைக்கு முழுதாக வெட்டி எறிந்தாலும் இழுக்க முடியும்.

வெளிச்சந்தையில் கிடைக்கும் சில பம்பர்களில் 4 மி.மீ. முகப்பின் மேல் ஷேக்கிள் காதைச் சும்மா ஒட்டவைத்திருப்பதைப் பார்த்திருக்கிறேன். பார்க்கும்போதே எனக்கு வயிறு கலங்கும். அந்த வெல்டு உரிகிற திசையில் இழுபடுகிறது. நீளவாட்டில் படுத்த வெல்டு அப்படி உரியாது, அதன் முழு நீளமும் சேர்ந்து தாங்கும்.

போல்ட் கணக்கு: எம்12 போல்ட்டில் இழுப்பைத் தாங்கும் குறுக்குப் பரப்பு 84.3 சதுர மி.மீ. 8.8 தரம் என்றால் சதுர மி.மீ.க்கு 800 நியூட்டன். பெருக்கினால் 67,000 நியூட்டனுக்கு மேல், கிட்டத்தட்ட 6.9 டன். வெட்டுவிசையில், அதாவது போல்ட்டைக் குறுக்காக அறுக்கப் பார்க்கும் விசையில், அதில் அறுபது சதவீதம் என்று வைத்தால் ஒரு போல்ட்டுக்கு 4 டன். பக்கத்துக்கு மூன்று இருப்பதால் 12 டன். நான் பயன்படுத்துவது முக்கால் அங்குல வில் ஷேக்கிள், அதன் பாதுகாப்பான வேலைச்சுமை 4.75 டன். அந்த வேலைச்சுமையைப் போல இரண்டரை மடங்கில்தான் போல்ட்டுகள் அறுபடும்.

சேஸிஸ் பெட்டி வடிவக் குழல். அதில் குறுக்காகத் துளைபோட்டு போல்ட்டை முடுக்கினால் இரு சுவர்களும் உள்ளே அமுங்கும். இறுக்கம் நிற்காது, சேஸிஸும் கெடும். அதனால் ஒவ்வொரு துளைக்குள்ளும் தடித்த சுவருள்ள ஒரு சிறு குழாயைச் செருகினேன். அதன் நீளம் சேஸிஸின் வெளி அகலத்துக்குச் சரியாக இருக்க வேண்டும். குழாய் இரு சுவர்களையும் துளைத்து வெளிமட்டத்தோடு நிற்கிறது, போல்ட் அதற்குள்ளே போகிறது, முடுக்கும்போது அழுத்தத்தைக் குழாய் தாங்குகிறது. ஆறு குழாய்களையும் அரத்தால் ராவி, விரல் நகத்தால் தடவிப் பார்த்தேன். நகம் தட்டாமல் வழுக்கும் வரைக்கும் ராவினேன். துளைகளை சேஸிஸ் சுவரின் நடு உயரத்தில் மட்டும் போட்டேன். சட்டகம் வளையும்போது மேல், கீழ் முகங்கள்தான் அதிகம் இழுபடும், அமுங்கும். அங்கே துளை போடுவது விரிசலுக்கு விதை போடுவது.

இழுவைத் தகட்டில் 25 மி.மீ. துளை. ஷேக்கிளின் முள் 22 மி.மீ. துளையின் விளிம்பிலிருந்து தகட்டின் ஓரத்துக்கு 28 மி.மீ. விட்டேன். 20 மி.மீ. கனத்தில் இவ்வளவு பெரிய துளையைக் கை ட்ரில்லில் போடப் பார்க்காதீர்கள், பிட் பிடித்துக்கொண்டால் மணிக்கட்டு போய்விடும். நிற்கும் ட்ரில் இயந்திரத்தில் 6, 12, 18, 25 என்று படிப்படியாகப் போனேன். கடைசி பிட்டுக்கு நிமிடத்துக்கு 280 சுற்று, இடைவிடாமல் வெட்டு எண்ணெய். சரியாக வெட்டும்போது சத்தமே மாறும்: கீச்சென்ற ஒலி நின்று, வெண்ணெய் சீவுகிற மாதிரி ஒரு கரகரப்பு வரும். இரண்டு பக்கமும் ஒரே நீளத்தில் சுருள் சுருளாக இரும்பு ஏறி வரும். ஒரு பக்கம் மட்டும் வந்தால் பிட்டின் கூர் சரியில்லை. சுருள் நீலமாக வந்தால் சூடு அதிகம். முடித்ததும் துளையின் இரு விளிம்பிலும் பிசிறு எடுத்து நன்றாக உருட்டினேன். கூரான விளிம்பு மெல்ல மெல்ல முள்ளைத் தின்னும்.

பற்றவைப்பு

200 ஆம்பியர் இன்வெர்ட்டர் இயந்திரம், ராடு வெல்டிங். தாங்கிகளுக்கும் இழுவைத் தகடுகளுக்கும் 7018 ராடு, 3.15 மி.மீ., 115 ஆம்பியர், ராடு நேர்முனையில். மெல்லிய தகடுகளுக்கு 6013, 2.5 மி.மீ. 7018-இன் முதல் இரண்டு எண்கள் வெல்டின் இழுவை வலிமையைக் குறிக்கின்றன: சதுர அங்குலத்துக்கு 70,000 பவுண்டு. ஆனால் அந்த ராடு ஈரத்தை உறிஞ்சினால் அதன் பெருமை போய்விடும். ஈரத்திலிருந்து வருகிற ஹைட்ரஜன் வெல்டுக்குள் புகுந்து பிறகு விரிசல் விடும். திறந்து பல நாள் கிடந்த பாக்கெட்டை இழுவைப் புள்ளிக்குப் பயன்படுத்தாதீர்கள். அன்றைக்குத் திறந்த ராடை மட்டும் எடுத்தேன்.

இழுவைத் தகட்டைப் பற்றவைக்கும் முன் அதே கனத்தில் வெட்டு மிச்சங்களை எடுத்து ஒரு மாதிரி மூட்டு செய்தேன். பிறகு கிரைண்டரால் குறுக்கே அறுத்து, முகத்தைத் தேய்த்துப் பார்த்தேன். வெளியே பார்க்க அருமையான வெல்டு. உள்ளே மூலையில் நூல் அளவுக்கு ஒரு கறுப்புக் கோடு, அதாவது கசடு மாட்டிக்கொண்டு இரும்பு உருகிச் சேராத இடம். பட்டறை வைத்திருக்கும் அண்ணன் ஒருவரிடம் அந்தத் துண்டைக் காட்டினேன். முப்பது வருடம் ராடு பிடித்தவர். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "தம்பி, ராடை அவசரமா இழுத்துட்டுப் போற. குளம் மூலைக்குள்ள எறங்குதான்னு பாரு, வெளிச்சத்தைப் பார்க்காத" என்றார். குளம் என்றது ராடின் முனையில் உருகி நிற்கும் இரும்பை. பிறகு முதல் ஓட்டத்துக்கு மூலையைச் சரிவாகத் தேய்த்து வாய் திறந்துவிடச் சொன்னார். இரண்டாவது மாதிரியில் கோடு இல்லை. மூன்றாவதும் சுத்தமாக வந்த பிறகுதான் அசல் தகட்டில் ராடு வைத்தேன். 20 மி.மீ. தகட்டைக் கையால் தொட முடியாத அளவுக்குச் சூடாக்கி ஈரத்தை விரட்டி, மூன்று அடுக்காக ஓட்டினேன். ஒவ்வொரு அடுக்குக்கும் கசடு தட்டி, கம்பித் தூரிகையால் பளபளவென்று வரும் வரை தேய்த்தேன்.

தாங்கிகளை வண்டியில் பூட்டிவைத்து, முகப்பை அதன்மேல் பொருத்தி, இடம் மாறாமல் பிடித்துவைக்கும் சிறு பொட்டு வெல்டு மட்டும் அங்கேயே வைத்தேன். அதற்கு முன் பேட்டரியின் எதிர்முனையைக் கழற்றினேன். எர்த் கிளாம்ப்பை வெல்டு போடும் துண்டிலேயே மாட்டினேன். எங்கோ தூரத்தில் மாட்டினால் மின்சாரம் சக்கர பேரிங் வழியாகவோ மின்கருவிகள் வழியாகவோ வழி தேடும். இன்னொரு எச்சரிக்கை: எண்ணெய்ப் பிசுக்கைத் துடைக்கக் குளோரின் கலந்த பிரேக் கிளீனரைத் தொடவே கூடாது. அது ஆர்க்கின் வெப்பத்திலும் புற ஊதாக் கதிரிலும் ஃபாஸ்ஜீன் என்ற நச்சு வாயுவாக மாறும். அசிட்டோனால் துடைத்து, முழுக்க உலரவிட்டு, துணியையும் டப்பாவையும் வெளியே வைத்துவிட்டு வந்தேன். துத்தநாகம் பூசிய தகடும் வேண்டாம், அந்தப் புகை காய்ச்சலில் படுக்க வைக்கும்.

அடித்தகட்டை வளைக்க என்னிடம் பிரஸ் இல்லை. மடிப்புக் கோட்டில் கட்டிங் வீலால் கனத்தில் மூன்றில் இரண்டு பங்கு ஆழத்துக்குக் காடி வெட்டி, கிளாம்ப்பில் பிடித்து மடக்கி, காடியைத் திரும்ப வெல்டால் நிரப்பினேன். காடி நேராக இருந்தால் மடிப்பு இயந்திரத்தில் வந்தது போலவே இருக்கும்.

பிறகு ஒரு தப்பு நடந்தது. முகப்பையும் மேல்தகட்டையும் சேர்க்கும் மூட்டு ஒன்றரை மீட்டர் நீளம். துண்டு துண்டாக, இடம் மாற்றி மாற்றிப் போட வேண்டும் என்று தெரியும். அன்று மாலை இருட்டுவதற்குள் முடிக்கும் ஆசையில் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை ஒரே ஓட்டமாக ஓட்டிவிட்டேன். காலையில் வந்து நூல் பிடித்துப் பார்த்தால், இரு முனைகளும் நடுவைவிட 9 மி.மீ. மேலே ஏறி, பம்பர் லேசாகச் சிரிப்பது போல் வளைந்திருந்தது. உருகிய இரும்பு ஆறும்போது சுருங்குகிறது. வெல்டு முழுக்க மேல் விளிம்பில் இருந்ததால் மேல் விளிம்பு மட்டும் குறுகி, முனைகளைத் தூக்கிவிட்டது.

வெட்டித் திரும்பப் போடலாமா என்று அரை நாள் யோசித்தேன். அடி மூட்டு இன்னும் மிச்சம் இருந்தது. மேல் வெல்டு இழுத்ததை அடி வெல்டு திரும்ப இழுக்கும் அல்லவா? 75 மி.மீ. பெட்டிக் குழாய் ஒன்றை பம்பரின் நீளத்துக்கு முதுகில் வைத்து, நடுவே 6 மி.மீ. தகடு சொருகி, முனைகளை எதிர்த்திசைக்கு இழுத்துக் கிளாம்ப் போட்டேன். அடித்தகட்டை நடுவிலிருந்து வெளியே, இடமும் வலமும் மாற்றி, 50 மி.மீ. வெல்டு, 100 மி.மீ. இடைவெளி என்று போட்டு, கை வைக்கக்கூடிய சூட்டுக்கு ஆறிய பிறகு அடுத்த சுற்றில் இடைவெளிகளை நிரப்பினேன். மூன்று மணி நேரம் ஆயிற்று. கிளாம்ப் அவிழ்த்ததும் நூலுக்கும் முகப்புக்கும் இடையே 2 மி.மீ. வண்டியில் மாட்டினால் கண்ணுக்குத் தெரியாது.

மாட்டிய பிறகு

மொத்தம் 43 கிலோ வந்தது. தாளில் போட்டதைவிட 5 கிலோ அதிகம்: முட்டுத்தகடுகளும் வெல்டும் சேர்ந்த எடை. வைத்த வரம்பை 3 கிலோ தாண்டிவிட்டது, ஆனாலும் முட்டுத்தகடு ஒன்றையும் எடுக்க மனம் வரவில்லை. டிராலி ஜாக்கில் பலகை வைத்து, அதன்மேல் பம்பரை ஏற்றி, ஒரு ஆள் பிடிக்க ஒரு ஆள் போல்ட் மாட்டினால் சுலபம்.

ஒரு முன்சக்கரத்தை மேடையில் ஏற்றி, ஸ்டீயரிங்கை இரு பக்கமும் முழுக்க ஒடித்துப் பார்த்தேன். இடது டயர் பம்பரின் பின்மூலையை உரசியது. 15 மி.மீ. வெட்டி, உருட்டிவிட்டேன். சமதளத்தில் நேராக நிறுத்திப் பார்த்தபோது இது தெரியவே தெரியாது. முன்பக்கம் 8 மி.மீ. தாழ்ந்தது, அதற்கேற்ப முகப்பு விளக்குகளின் உயரத்தைத் திருப்பிச் சரிசெய்தேன். வெளிப்பக்கம் எங்கேயும் கூர்விளிம்பு இல்லாமல் ஃபிளாப் டிஸ்க்கால் உருட்டினேன். ரோட்டில் நடப்பவர்கள் இந்த இரும்புக்கு முன்னால்தான் கடக்கிறார்கள்.

பெயிண்டுக்கு முன் தகட்டின் மேலுள்ள நீலக்கறுப்புச் சிட்டம் முழுக்கப் போக வேண்டும். அது இரும்பு மாதிரியே தெரியும், ஆனால் நாளடைவில் பெயிண்டையும் தூக்கிக்கொண்டு செதிலாக உதிரும். தேய்த்து, துடைத்து, எபாக்ஸி பிரைமர் இரண்டு கை, மேலே மங்கிய கறுப்பு இரண்டு கை. பெட்டி மாதிரி மூடிய இடங்களுக்குள் மெழுகு எண்ணெய் அடித்து, ஒவ்வொன்றின் தாழ்ந்த மூலையிலும் 8 மி.மீ. நீர்த்துளை போட்டேன். முதல் சேற்றுப் பயணத்திலேயே இரண்டு துளைகள் அடைத்துக்கொண்டன. இப்போது எல்லாமே 12 மி.மீ.

சோதனை இழுப்பைச் சிறிதாகத் தொடங்கினேன். போல்ட் ஒவ்வொன்றையும் 80 நியூட்டன் மீட்டருக்கு முடுக்கி, போல்ட் தலையிலிருந்து தகட்டுக்கு ஒரு வெள்ளைக் கோடு போட்டேன். நட்டுப் பக்கமும் அப்படியே. வெற்றுச் சமதளத்தில் இன்னொரு வண்டியோடு பட்டை மாட்டி, பிரேக் பிடித்தபடி ஐந்து முறை, ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கூடுதலாக. பட்டையின் நடுவே ஈரச்சாக்கு போட்டு, ஆட்களைப் பட்டையின் நீளத்தைவிட அதிக தூரத்தில், பக்கவாட்டில் நிறுத்தினேன். இழுவைத் தகட்டில் ஒரு மயிரிழை அசைவும் இல்லை. வெல்டுகளைத் துடைத்து, உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்துப் பார்த்தேன், சுத்தம்.

ஆனால் இரண்டு வாரம் ஓடிய பிறகு பார்த்தால் இடது பக்கப் பின் போல்ட்டின் நட்டில் கோடு 3 மி.மீ. விலகியிருந்தது. முடுக்கத்தை அளக்கும் டார்க் ரெஞ்ச் வைத்தால் அந்தப் பக்க மூன்றுமே தளர்ந்திருந்தன. போல்ட்டில் குறை இல்லை, குழாய்களிலும் இல்லை. கழற்றிப் பார்த்ததும் காரணம் கண்முன் நின்றது: பக்கத்தகட்டின் உள்முகத்தில், சேஸிஸை ஒட்டும் இடத்தில், இரண்டு கை பிரைமரும் இரண்டு கை பெயிண்டும் அடித்திருந்தேன். வாஷர் உட்காரும் இடத்திலும் அப்படித்தான். அந்தப் பெயிண்ட் அழுத்தத்தில் மெல்ல மெல்ல நசுங்கி ஒதுங்கி, வாஷரின் வட்டம் அச்சு மாதிரிப் பதிந்திருந்தது. பெயிண்ட் மெலிந்த அளவுக்கு போல்ட்டின் இறுக்கம் குறைந்திருக்கிறது. துருவுக்குப் பயந்து அடித்த பூச்சுதான் தாங்கியைத் தளரவைத்தது.

இரு பக்கமும் கழற்றி, ஒட்டும் முகங்களையும் வாஷர் இடங்களையும் வெற்று இரும்பு வரை சுரண்டினேன். துத்தநாகப் பிரைமர் ஒரே ஒரு மெல்லிய கை மட்டும் அடித்து, முழுக்க உலரவிட்டு, தடித்த வாஷரோடு புது நட்டுப் போட்டு மறுபடி 80-க்கு முடுக்கினேன். தகடுகள் சேரும் விளிம்பைச் சுற்றி வெளியிலிருந்து சீலன்ட் பூசினேன், தண்ணீர் உள்ளே போகாது. நூறு கிலோமீட்டரில் ஒருமுறை ரெஞ்ச் வைத்தேன், ஒன்றிரண்டு மட்டும் நூலளவு திரும்பின. அங்கேயே புதுக் கோடு போட்டேன். அதற்குப் பிறகு 600 கிலோமீட்டர் கரட்டுப் பாதை ஓடியாயிற்று. சேற்றில் புதைந்த ஒரு வண்டியையும் இந்தத் தகடுகளில் மாட்டி இழுத்து வெளியே கொண்டுவந்தாயிற்று. நேற்று அடியில் படுத்து டார்ச் அடித்துப் பார்த்தேன். பத்து போல்ட்டுகளிலும் வெள்ளைக் கோடு போட்ட இடத்திலேயே நேராக இருக்கிறது.